தும்பாவில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்

சரியான நேரத்தில் கிரேன் கைவிட்டது. 1963 நவம்பர் 21, திருவனந்தபுரத்துக்கு வடக்கே தும்பா கடற்கரை. அங்கிருந்த தேவாலயத்துக்குள் வைத்துப் பாகங்களைப் பொருத்தி முடித்த அமெரிக்க நைக்-அப்பாச்சி ராக்கெட்டை லாரியில் ஏற்றி ஏவுமேடைவரை கொண்டுவந்துவிட்டார்கள். கையால் இயக்கும் ஹைட்ராலிக் கிரேன் அதைத் தூக்கி மேடையில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. தூக்கும்போதே ராக்கெட் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. பார்த்தால், ஹைட்ராலிக் குழாயில் கசிவு. ஏவுவதற்குக் குறித்த மாலை 6 மணி நெருங்கிக்கொண்டிருந்தது. பிரித்துப் பழுதுபார்க்க நேரமில்லை. நின்றிருந்த எல்லோரும் சேர்ந்து கைகொடுத்து, தோள்கொடுத்து ராக்கெட்டை மேடையில் ஏற்றி வைத்தார்கள். அன்று அந்தியில் அது கிளம்பிப் போய் உயரத்தில் கக்கிய சோடியம் ஆவி, ஆரஞ்சு மேகமாக வானில் படர்ந்தது. கேரளத்தின் தென்பகுதி முழுக்க மக்கள் தெருவில் நின்று அதைப் பார்த்தார்கள்.

ராக்கெட்டின் பாகங்களைப் பொருத்தும் பணிக்கும் பாதுகாப்புக்கும் அன்று பொறுப்பாக இருந்தவருக்கு வயது 32. ராமேஸ்வரத்துக்காரர், பெயர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். ராக்கெட் தொழில் அவருக்குப் புதிது. அவரோடு இருந்தவர்களுக்கும் புதிது. இந்த நாட்டில் அதற்கு முன் அந்த வேலையைச் செய்தவர் என்று யாரும் இல்லை.

இந்தியாவின் விண்வெளிக் கதையாக இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிலரின் முதல் மாதங்களின் கதையாக இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். ஏனென்றால், இன்று அதே திருவனந்தபுரத்தில், தும்பாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கழக்கூட்டத்தில், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் முதல் வேலைக்குச் சேருகிறார்கள். நாகர்கோவிலிலும் இரணியலிலும் குழித்துறையிலும் விடியலில் ரயிலேறி வருகிறவர்கள் உண்டு. மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து பி.ஜி. அறையில் தங்கியிருப்பவர்கள் உண்டு. டிசிஎஸ் நிறுவனத்தின் 'ஐ.எல்.பி.' பயிற்சி மையம் அங்குள்ள டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் இருப்பதால், தமிழகத்து இன்ஜினியர்கள் பலருக்கு முதல் சம்பளம் கையில் வந்த ஊரே திருவனந்தபுரம்தான்.

அந்தப் பிள்ளைகளிடம் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். போன உடனே பேர் வாங்கு. முதல் மூன்று மாதத்தில் உன்னை நிரூபி. புரொபேஷன் முடியும்வரை வாயைத் திறக்காதே. முழுப் பாரமும் புதிதாகப் போகிறவர் தலையிலேயே ஏற்றப்படுகிறது. ஆனால் தும்பாவில் நடந்ததைக் கவனித்தால் வேறு ஒன்று தெரிகிறது. புதியவர் நிலைப்பதும் விழுவதும் பாதி அவர் கையில்தான். மறுபாதி அவரைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் கையில். அந்த மறுபாதியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதேயில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒன்பதாவது ஆள்

கலாம் தும்பாவுக்கு வந்த வழி நேரானது அல்ல. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்தவர், விமானப்படையில் சேர டேராடூன் போனார். தேர்வானவர்கள் எட்டுப் பேர்; அவருக்கு ஒன்பதாவது இடம். பிறகு பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் வேலை. அங்கிருந்து பெங்களூர். அங்கே 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்ட்டைக் குழுவோடு சேர்ந்து உருவாக்கினார். பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனனே அதில் ஏறிப் பார்த்தார். 1962 போரின் நடுவே மேனன் பதவி விலகியதும் திட்டம் கிடப்பில் போனது. அதாவது புதிய வேலைக்குப் போகும்போது அவர் கையில் இருந்தது கைவிடப்பட்ட ஒரு திட்டம். இன்றைய ஹெச்.ஆர். அலுவலகங்களில் அந்த பயோடேட்டா எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

நந்தியைப் பார்க்க வந்த விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனன் மூலமாக, இன்கோஸ்பார் என்ற புதிய விண்வெளிக் குழுவின் நேர்முகத் தேர்வுக்கு பம்பாயிலிருந்து அழைப்பு வந்தது. எதிரே அந்தக் குழுவின் தலைவர் விக்ரம் சாராபாய் உட்கார்ந்திருந்தார். தன் வாழ்க்கை வரலாற்றில் அந்தச் சந்திப்பைக் கலாம் நன்றியோடு நினைவுகூர்கிறார். தனக்கு என்ன தெரியும் என்று சோதிப்பதைவிட, தன்னால் என்ன ஆக முடியும் என்று தேடுவதாகவே சாராபாயின் கேள்விகள் இருந்தன என்கிறார். ராக்கெட் தெரிந்த ஆளை எங்கிருந்து கொண்டுவருவது? தெரிந்தவரே இல்லாத நாட்டில், கற்றுக்கொள்ளக்கூடிய ஆளைத்தான் தேட முடியும். சாராபாய் அதைத் தேடினார்.

சேர்ந்ததும் 'எங்கே, செய்து காட்டு' என்று யாரும் சொல்லவில்லை. படித்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். வர்ஜீனியாவில் நாசாவின் லாங்லி மையம், மேரிலாந்தில் காடர்ட் மையம், பிறகு வாலப்ஸ் தீவின் ஏவுதளம் என்று ஆறு மாதப் பயிற்சி. அந்த முதல் குழுவில் இருந்த டி. ஈஸ்வரதாஸ், ஆர். அரவமுதன் போன்றவர்களும் அப்படிப் போனவர்கள்தான். அரவமுதனும் எம்.ஐ.டி.யில் படித்தவர், டிராம்பேயில் அணுசக்தித் துறையின் நல்ல வேலையை விட்டுவிட்டு, இன்னும் உருவாகாத ஏவுதளத்துக்குத் தானாக முன்வந்து பெயர் கொடுத்தவர். ரேடாரும் டெலிமெட்ரியும் அவர் பொறுப்பாயின.

கேட்டு நுழைந்தார்கள்

தும்பாவை ஏன் தேர்ந்தார்கள் என்பது பள்ளிக்கூடப் பாடத்தில்கூட வந்துவிட்டது. பூமியின் காந்த நடுக்கோடு அந்த வழியாகப் போகிறது. அதற்கு மேலே சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் வளிமண்டலத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது, செயற்கைக்கோள் அவ்வளவு கீழே சுற்றாது. ராக்கெட் ஒன்றுதான் அங்கே போய்ப் பார்க்க முடியும்.

ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள். மீனவக் குடும்பங்கள், அவர்களுடைய புனித மரிய மகதலேனாள் தேவாலயம், ஆயரின் வீடு. அரசாங்கம் நினைத்திருந்தால் ஒரு நோட்டீஸ் ஒட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரெய்ராவைப் போய்ப் பார்த்தார். ஆயர் உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். திருப்பலிக்கு வந்திருந்த மக்கள் முன்னிலையில் விஷயத்தை எடுத்துச்சொல்லி, கடவுளின் வீட்டையும் உங்கள் வீடுகளையும் அறிவியலுக்குக் கொடுக்கலாமா என்று அவர்களிடமே கேட்டார். மக்கள் சம்மதித்தார்கள். மாவட்ட ஆட்சியர் கே. மாதவன் நாயர் நிலம் கையகப்படுத்தும் வேலையை விரைவாக முடித்துக்கொடுத்தார். குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடும் கோயிலும் அமைந்தன. தங்கள் முற்றத்தையும் கடலுக்குப் போகும் பழகிய பாதையையும் விட்டு எழுந்தவர்களின் இழப்பு அதனால் சிறியதாகிவிடாது. அந்த மண்ணில் வேலை பார்த்த ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

கலாமுக்குத் தேவாலயத்தின் வழிபாட்டு அறை முதல் ஆய்வகம் ஆயிற்று. ஆயரின் அறை வடிவமைப்பு, வரைபட அலுவலகம். ஜீப்பு குறைவு, சைக்கிள்தான் வாகனம். 1966-ல் தும்பாவுக்கு வந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெசோன், ராக்கெட்டின் மூக்குப் பகுதியை சைக்கிளில் வைத்துக் கொண்டுபோவதைப் படமெடுத்தார். ஏழை நாட்டின் விடாமுயற்சி என்று அந்தப் படத்தை நாம் கொண்டாடுகிறோம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. யாருக்கும் தனி அறை இல்லாத இடத்தில், எல்லோர் வேலையும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. புதிதாக வந்தவன் என்ன செய்கிறான், எங்கே தடுமாறுகிறான் என்பது அரைமணி நேரத்தில் பக்கத்து ஆளுக்குத் தெரிந்துவிடும்.

தங்கியதும் அப்படித்தான். கலாம் உள்ளிட்ட இளம் பொறியாளர்கள் நகரத்தில் 'இந்திரா பவன்' லாட்ஜில் அறை எடுத்திருந்தார்கள். சாப்பாடு ஓட்டலில். பகலில் ஏவுதளத்தில் கூட வேலை பார்த்தவரே ராத்திரி அடுத்த அறையில். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு மீட்டிங் போட வேண்டியதில்லை. குடும்பத்தை விட்டு வெளியூரில் முதல் வேலைக்குச் சேர்கிறவனுக்குச் சம்பளத்துக்கு அடுத்தபடி முக்கியமானது, ராத்திரி எட்டு மணிக்குக் கூட உட்கார்ந்து சாப்பிட ஒரு ஆள். இதை எந்த நியமன ஆணையிலும் எழுதிக் கொடுப்பதில்லை. பல வருடங்கள் கழித்துக் குடியரசுத் தலைவராகத் திருவனந்தபுரம் வந்தபோது, அந்நாட்களில் தனக்குச் செருப்புத் தைத்துக்கொடுத்தவரையும், சாப்பாடு போட்ட சிறு ஓட்டல்காரரையும் ராஜ்பவனுக்கு விருந்தினராக அழைத்தார் கலாம். முதல் மாதங்களில் தன்னைத் தாங்கியவர்கள் யாரென்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஒரு துளி வியர்வை

தும்பாவின் ஆரம்ப நாட்களில் நடந்த ஒரு விபத்தைக் கலாம் எழுதியிருக்கிறார். அவரும் சகா சுதாகரும் ராக்கெட்டில் வைக்க சோடியமும் தெர்மைட்டும் கலந்த கலவையைத் தொலைவிலிருந்து அழுத்தி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தும்பாவின் வெயிலும் புழுக்கமும் தெரிந்ததுதானே. ஆறாவது முறை நிரப்பியதும், சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க இருவரும் அறைக்குள் போனார்கள். சுதாகரின் நெற்றியிலிருந்து ஒரு துளி வியர்வை சோடியத்தின்மேல் விழுந்தது.

சோடியத்தில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூட வேதியியல். பெரும் வெடிச்சத்தம், அறை குலுங்கியது, தீ பிடித்தது. தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாத தீ. கலாம் சில நொடிகள் உறைந்துபோய் நின்றார். சுதாகர் வெறும் கையால் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, முதலில் கலாமை வெளியே தள்ளிவிட்டு, பிறகுதான் தான் குதித்தார். கை கிழிந்து ரத்தம் கொட்டியது. தீக்காயங்களோடு பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

இந்தச் சம்பவத்தைத் தியாகம் என்ற சொல்லோடு முடித்துவிடுவது வழக்கம். தியாகம்தான், சந்தேகமில்லை. ஆனால் வேலையிடத்தின் கண்ணோடு பார்த்தால், இருவருமே அந்த வேலைக்குப் புதியவர்கள். புழுக்கமான ஊரில் ஈரத்துக்கு ஆகாத பொருளைக் கையாளும் அறை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைத்த விதி எதையும் முன்னோர் யாரும் விட்டுப்போகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கொருவர் காவலாக இருப்பது ஒன்றே பாதுகாப்பு. இன்று எல்லா நிறுவனத்திலும் விதிப் புத்தகம் கனமாக இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு எரிந்தால் கண்ணாடியை உடைக்க ஒரு கை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் 2024-ல் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. கேரளத்தைச் சேர்ந்த 26 வயது ஆடிட்டர் ஒருவர், புனேயில் பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் மார்ச் மாதம் முதல் வேலைக்குச் சேர்ந்தார். ஜூலையில் இறந்துபோனார். வேலைப் பளு தன் மகளை எப்படி நசுக்கியது என்று அவருடைய தாய் நிறுவனத் தலைவருக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியே வந்து நாட்டையே உலுக்கியது. புதியவள், ஒப்புக்கொண்ட வேலையை மறுக்கத் தெரியாதவள், நல்ல பேர் எடுக்க வேண்டும் என்று ராப்பகலாக உழைத்தவள் என்பது அந்தக் கடிதத்தைப் படித்த எல்லோருக்கும் நினைவிருக்கும். மத்திய தொழிலாளர் துறை விசாரணை அறிவித்தது. 'முதல் மூன்று மாதத்தில் உன்னை நிரூபி' என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒவ்வொரு பெற்றோரும், ஒவ்வொரு கல்லூரி பிளேஸ்மென்ட் அதிகாரியும் அந்தக் கடிதத்தை ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும்.

திறமை யார் சொத்து?

புதிய வேலையின் முதல் நாட்களுக்கு வழிகாட்டும் புத்தகங்கள் இன்று விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 2003-ல் மைக்கேல் வாட்கின்ஸ் எழுதிய 'முதல் 90 நாட்கள்' அவற்றுக்கெல்லாம் தலைச்சன். நல்ல யோசனைகள் அதில் உண்டு. ஆனால் அந்த வகைப் புத்தகங்களைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: திறமை நம் பையில் இருக்கிறது, புது இடத்தில் போய்ப் பையைத் திறந்தால் போதும்.

ஹார்வர்டு பேராசிரியர் போரிஸ் குரோய்ஸ்பெர்க் இதைச் சோதித்துப் பார்த்தார். அமெரிக்கப் பங்குச் சந்தையின் நட்சத்திர ஆய்வாளர்கள் 1,052 பேரின் 1988 முதல் 1996 வரையிலான பணி வரலாற்றை எடுத்துக்கொண்டார். நிறுவனம் மாறியவர்களில் 46 சதவீதம் பேர் மாறிய அடுத்த ஆண்டில் சறுக்கினார்கள். அதே ஆள், அதே மூளை, அதே பங்குகள். மாறியது சுற்றியிருந்த மனிதர்கள் மட்டுமே. தன் குழுவோடு சேர்ந்து மாறியவர்கள் இவ்வளவு சறுக்கவில்லை. 2006-ல் ராபர்ட் ஹக்மனும் கேரி பிசானோவும் இதய அறுவை மருத்துவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போனது. ஒரு மருத்துவர் ஒரு மருத்துவமனையில் நிறைய அறுவை செய்து பெற்ற தேர்ச்சி அந்த மருத்துவமனையில் பலன் தருகிறது. அவரே இன்னொரு மருத்துவமனையில் கத்தி எடுக்கும்போது அந்தப் பலன் அப்படியே கூடப் போவதில்லை. கையோடு சேர்ந்த நர்ஸும், மயக்க மருந்து டாக்டரும், தியேட்டரின் பழக்கமும் சேர்ந்துதான் தேர்ச்சி.

அப்படியென்றால், புதிதாக ஓர் இடத்துக்கு வரும் அனுபவசாலிகூட முதல் சில மாதங்கள் பாதி ஆள்தான். முழு ஆளாக்குவது அந்த இடம். இதைப் புரிந்துகொண்ட மேலாளர்கள் குறைவு.

கழக்கூட்டத்தில் இன்று நடப்பதைப் பாருங்கள். சேர்ந்த முதல் வாரம் லேப்டாப் வரும், ஆக்சஸ் வராது. 'டிக்கெட் போட்டிருக்கோம்' என்பார்கள். திட்டத்தை விட்டுப் போகிறவர் நோட்டீஸ் பீரியடில் இருப்பார். மனம் ஏற்கெனவே அடுத்த கம்பெனியில். அவர் இரண்டு மணிநேரம் 'கே.டி.' என்ற பெயரில் வேலையை விளக்குவார். ரெக்கார்டிங் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவார். மூன்றாவது வாரம் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பிரச்சினை வரும். புதுப்பையன் எழுந்து லீடிடம் போகலாமா என்று யோசிப்பான். 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவாரோ? தானே ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து தேடுவான். பத்து நிமிடத்தில் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டியதை மூன்று நாளில் தவறாகக் கண்டுபிடிப்பான். வெளியூர்ப் பிள்ளைக்கு மொழியும் தடை. விளவங்கோடு பக்கத்துப் பையனுக்கு மலையாளம் வீட்டுப் பேச்சு மாதிரி. 'சேட்டா' என்று கூப்பிட்டு டீக்கடையிலேயே பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்வான். விருதுநகர்ப் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் மலையாளத்தில் சிரிக்கும்போது, வேலை பற்றிய எத்தனையோ செய்திகள் அவள் காதைக் கடந்து போகின்றன.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். கேள்வி கேட்க ஒரு பருவம் உண்டு. அது முதல் ஒன்றிரண்டு மாதங்கள். அப்போது கேட்டால் ஆர்வம் என்பார்கள். ஆறு மாதம் கழித்து அதையே கேட்டால் முகம் சுளிப்பார்கள். வெட்கப்பட்டு அந்தப் பருவத்தை வீணாக்காதீர்கள். லீடிடம் மட்டும் இல்லை, டெஸ்டிங்கில் இருப்பவரிடம், அட்மின் அக்காவிடம், பத்து வருடமாக அதே நாற்காலியில் இருக்கும் மனிதரிடம் கேளுங்கள். எந்த வேலை எதனால் இப்படிச் செய்யப்படுகிறது என்பது அவர்களிடம்தான் இருக்கிறது. மாற்றிக் காட்டுகிறேன் என்று முதல் மாதமே இறங்கிவிடாதீர்கள். பெரிய வெற்றி ஒன்றைத் தேடுவதைவிட, ஒப்புக்கொண்ட சின்ன வேலையைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுங்கள். முடியாது என்று தெரிந்தால், கடைசி நாள்வரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். நம்பிக்கை அப்படித்தான் சேர்கிறது.

அறுபது வயதில் புதியவர்

புதியவர் என்றால் இளையவர்தான் என்று நினைக்க வேண்டாம். 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் சாராபாய் திடீரென்று காலமானார். டெல்லியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கலாம், அவரைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சந்திப்பதாக இருந்தது. இறங்கியதும் கேட்டது மரணச் செய்தி. ஒரு மனிதரின் கனவைச் சுற்றிக் கட்டப்பட்ட அமைப்பு தலையில்லாமல் நின்றது.

அடுத்து யார் என்றபோது, இந்திரா காந்தியின் அழைப்பு சதீஷ் தவனுக்குப் போனது. அவர் அப்போது அமெரிக்காவில் கால்டெக்கில் இருந்தார். அழைப்பு வந்ததும் பெட்டி கட்டவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகத் தொடருவேன், விண்வெளித் துறையின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். இரண்டும் ஏற்கப்பட்டன. அவர் வரும்வரை எம்.ஜி.கே. மேனன் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். பதவியை ஏற்பதற்கு முன்பே தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பெற்றது, பிற்பாடு அவர் செய்த எல்லாவற்றுக்கும் அடித்தளமாயிற்று. சேர்ந்த பிறகு கேட்கத் தொடங்குகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

தவன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, திருவனந்தபுரத்தில் தனித்தனியாக இருந்த பிரிவுகளை இணைத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையமாக்கி, அதற்கு டாக்டர் பிரம்ம பிரகாஷை இயக்குநராகக் கொண்டுவந்தது. இவர் உலோகவியல் அறிஞர். அணுசக்தித் துறையில் பெயர் பெற்றவர். ஹைதராபாத் அணு எரிபொருள் வளாகத்தை உருவாக்கியவர். ராக்கெட் துறைக்கு வெளியாள். வயது 60. உள்ளே வசந்த் கோவாரிகர், எம்.ஆர். குரூப், நாகர்கோவில்காரரான ஏ.இ. முத்துநாயகம் போன்ற வலுவான ஆளுமைகள் ஆளுக்கொரு குழுவோடு இருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு வெளியிலிருந்து வரும் தலைவர், தன் ஆட்களைக் கூட்டிவந்து தன் கொடியை நடுவதுதான் வழக்கம். பிரம்ம பிரகாஷ் இருந்த ஆட்களைக் கொண்டே மையத்தைக் கட்டினார்.

எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்துக்குக் கலாம் தலைவரானதும் இந்தக் காலத்தில்தான். தன்னைவிட மூத்தவர்கள், ஆழமாகக் கற்றவர்கள் இருக்கும்போது தான் ஏன் என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. அதை பிரம்ம பிரகாஷிடமே சொன்னார். மற்றவர்களோடு உன்னை ஒப்பிட்டுப் பார்க்காதே, இந்த வேலை பலர் கை வழியாகத்தான் நடக்கும், அதற்கு நிறையப் பொறுமை வேண்டும் என்பதாக இருந்தது அவர் தந்த அறிவுரை. புதிய பொறுப்பில் அமர்ந்த ஒருவரால், தன் தயக்கத்தைத் தன் மேலதிகாரியிடமே சொல்ல முடிந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எத்தனை அலுவலகங்களில் அது இன்று முடியும்?

கலாம் கேட்டது 275 பொறியாளர்கள். கிடைத்தது ஏறக்குறைய 50 பேர். மற்ற பிரிவுகளின் ஒத்துழைப்பைத் தினம் தினம் கேட்டு வாங்கித்தான் வேலையை நகர்த்த வேண்டியிருந்தது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்குகள் கொண்ட அந்த ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10 அன்று கடலில் விழுந்ததும், பத்திரிகையாளர்கள் முன் தவனே பேசிப் பழியைத் தாங்கிக்கொண்டதும், 1980 ஜூலை 18 அன்று வெற்றி வந்தபோது பேசச் சொல்லிக் கலாமை முன்னால் அனுப்பியதும் தமிழ் வாசகர்களுக்கு மனப்பாடம். அந்த ஒரு நாளின் பெருந்தன்மை திடீரென்று பூத்ததில்லை. 1972-லேயே, புதிதாக வந்த தலைவர்கள் தங்களுக்குக் கீழே புதிதாகப் பொறுப்பேற்றவரை எப்படி நடத்தினார்கள் என்பதில் அது தொடங்கிவிட்டது.

அந்த வழக்கம் அடுத்த தலைமுறைக்கும் போயிருக்கிறது. திருவட்டாறு பக்கத்திலிருந்து 1967-ல் தும்பாவில் சேர்ந்த ஜி. மாதவன் நாயர், கலாமின் எஸ்.எல்.வி. குழுவில் வளர்ந்து 2003-ல் இஸ்ரோ தலைவரானார். நாகர்கோவில் பக்கத்து சரக்கல்விளையிலிருந்து வந்த கே. சிவன் 1982-லும், மேலக்காட்டுவிளையிலிருந்து வந்த வி. நாராயணன் 1984-லும் இஸ்ரோவில் சேர்ந்தார்கள். சிவன் 2018-லும் நாராயணன் 2025 ஜனவரியிலும் தலைவரானார்கள். சிவனும் நாராயணனும் தமிழில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள். தனிப்பட்ட உழைப்பு இல்லாமல் இது நடக்காது. அதே சமயம், ஒரே மாவட்டத்திலிருந்து இத்தனை பேர் ஒரே அமைப்பின் உச்சிக்குப் போயிருக்கிறார்கள் என்றால், கிராமத்துப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்த இடமாக அந்த அமைப்பு இருந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டீம் லீடாக இருப்பவர்கள், பிரிவுத் தலைவர்கள், பள்ளித் தலைமையாசிரியர்கள், தாசில்தார்கள் என்று புதியவர்களைக் கையில் வாங்குகிற எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது. புதியவர் வரும் நாளில் அவருக்கென்று ஓர் ஆளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதை அந்த ஆளின் வேலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், கூடுதல் உபகாரமாக அவர் தலையில் கட்டாதீர்கள். முதல் தவறு நடக்கும்போது மெயிலில் நாற்பது பேரைச் சேர்த்துக் கேள்வி கேட்காமல், நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசுங்கள். சாப்பாட்டு மேசையில் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தால் அவளுக்கும் புரிகிற மாதிரி இரண்டு வார்த்தை பேசுங்கள். தமிழ்நாட்டு அலுவலகங்களில் வந்து சேரும் மலையாளிப் பிள்ளைகளுக்கும், பீகார்ப் பிள்ளைகளுக்கும் நாம் செய்ய வேண்டியதும் இதுவே.

வரும் மாதங்களில் நியமன ஆணையோடு நிற்கப்போகிற பிள்ளைகள் ஹெச்.ஆரிடம் சம்பளத்தையும் ஊரையும் கேட்டு முடித்த பிறகு இன்னொன்றையும் கேட்கட்டும்: முதல் மாதம் என் பக்கத்தில் உட்காரப்போவது யார்? பெயரோடு பதில் வந்தால் அது நல்ல இடம். பதில் வராவிட்டாலும் சேரத்தான் வேண்டியிருக்கும். வீட்டு நிலைமை அப்படி. சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த ஆளை நீங்களே தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்த நாற்காலிக்கு அடுத்த பையனோ பெண்ணோ வரும்போது, ஹெச்.ஆர். சொல்லும்வரை காத்திருக்காமல் எழுந்து போய்ப் பெயரைச் சொல்லுங்கள்.